மூன்று உறையிலும் ஒரே முத்திரை

மலேசியாவில் ஈப்போ நகரத்துச் சிலிபினில் செல்லாயி டீச்சரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரு குறையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். "பாடமெல்லாம் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. ஆனா வருசம் பொறந்தா மொத வாரம் பூரா கடுதாசி வெளையாட்டுலா. பிள்ளைங்க படிக்கப் போவுதா, இல்ல போலீஸ் வேலைக்குப் போவுதான்னே தெரியல," என்று பெற்றோர் கூட்டத்திலேயே ஒருத்தர் எழுந்து நின்று சொன்னது உண்டு. இது 1986இல்.

அந்த விளையாட்டு இதுதான். டீச்சர் ஒரு சப்பாத்துக் காலணிப் பெட்டி நிறையக் கடிதங்களோடு வகுப்புக்குள் வருவார். எல்லாம் அவரே வேறு வேறு பெயரில், கையெழுத்தை மாற்றி மாற்றி எழுதியவை. ஆளுக்கொன்றைக் கொடுத்துவிட்டுக் குடையத் தொடங்குவார். இதை எழுதினது யாரு? எப்படித் தெரியும்? தன்னப் பத்திச் சொல்லுதா, உன்னப் பத்தியே கேக்குதா? வீட்டுல சொல்லாதேங்குதா? வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தை எவருக்கும் எழுதித் தரக் கூடாது என்பார். தோழியின் படத்தைத் தோழியைக் கேட்காமல் இன்னொருத்தருக்குக் காட்டுவதும் திருட்டுதான் என்பார். மொட்டைக் கடுதாசி எழுதுகிற கையை மட்டும் தன் வகுப்பில் பார்த்தால் அந்தக் கைக்கு வருஷம் முழுக்க வீட்டுப்பாடம்தான் என்று மிரட்டுவார். பாடநூலில் இதற்கெல்லாம் ஒரு வரிகூடக் கிடையாது. தலைமையாசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். டீச்சரா அசைவார்!

இந்தக் கிறுக்கு அவருக்குச் சிலிபினில் பிடித்ததில்லை. தெற்கே, சுங்காய்க்கு நாலு கட்டை, அதாவது நாலு மைல், தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில், 1979இல் பிடித்தது. அப்போது டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. அந்த வயசுக்காரியை 'அவள்' என்றே சொல்லிவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

செல்லாயி பிறந்ததும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான், சிலிம் ரிவர் பக்கம். அம்மா கருப்பம்மாள் பால்மரம் வெட்டித்தான் அவளைப் பள்ளி இறுதியான ஐந்தாம் பாரம் வரை படிக்க வைத்தாள். பயிற்சி முடித்து இந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தபோது ஆறாம் ஆண்டில் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். பத்தொன்பதில் ஈப்போவைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளை எப்படியாவது வெளியே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஒரு வெறி. வெறிதான், வேறு சொல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மாணவர் பக்கம் ஒன்று வரும். அதன் அடியில் பேனா நண்பர் கூப்பன். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு எழுதி, படத்தோடு அனுப்பினால் அச்சில் வரும், நாடு முழுக்க இருந்து கடிதம் வரும். பத்தொன்பது கூப்பனுக்குப் பத்தொன்பது பத்திரிகை வேண்டுமே? சுங்காய் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜைனுலாப்தீன் அண்ணனிடம் சொல்லி, வாடிக்கையாளர்கள் விட்டுப்போன தாள்களைச் சேர்த்து வாங்கினாள். படத்துக்கும் கவலையில்லை. பன்னிரண்டு வயதாகிறதே, ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க எல்லாப் பிள்ளைகளும் படம் பிடித்திருந்தார்கள், வீட்டுக்கு வீடு இரண்டு படம் மிச்சம்.

"முகவரிய முழுசா எழுதுங்க. எத்தனாவது லயம், எத்தனாவது வீடு, எல்லாம் வரணும். அரைகுறையா எழுதினா கடுதாசி வந்து சேராது," என்று வகுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து சொன்னவள் அவள்தான். ஒவ்வொரு கூப்பனையும் சரிபார்த்து உறையில் போட்டு ஒட்டியதும் அவள்தான்.

பத்திரிகையில் படங்கள் வந்த அன்று தோட்டமே அல்லோலகல்லோலப்பட்டது. இரண்டு வாரத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. தோட்டத்தில் தபால்காரன் வீட்டுக்கு வர மாட்டான். கட்டாகத் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் வரும். கிராணி விடியற்காலைப் பெரட்டுக் கூட்டத்தில் ஆள் கணக்கெடுத்து முடித்ததும் கட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார், அப்பன்காரன் போய் வாங்கிக்கொள்வான். அதுவரை ஊர்க் கடிதமும் கோர்ட்டுக் கடிதமும் வந்த கட்டில் இப்போது பிள்ளைகளின் பெயர். "ஆறாவது லயம் தவமலர்!" என்று கிராணி கூவ, தலைவிளக்கும் பால் வாளியுமாக நின்ற அர்ச்சுனன் முன்னால் போய் வாங்கினான். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். உறையை வாளியில் போடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெட்டுக்குப் போனானாம்.

தவமலர் அர்ச்சுனனின் இளைய மகள். வகுப்பில் முதல் பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிற ரகம். ஜனவரியில் சுங்காய் இடைநிலைப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கு அடுத்த புகுமுக வகுப்புக்குப் போக வேண்டியவள். போக வேண்டும், ஆனால் போவாளா என்பதுதான் செல்லாயிக்கு இருந்த ஒரே பயம். ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்னால் தவமலரின் அக்காவுக்கு லாரி ஓட்டும் பையன் ஒருவன் ஒரு கடிதம் கொடுத்தான். ஒரே ஒரு கடிதம். அர்ச்சுனன் மறுநாளே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினான், மூன்றாம் மாதம் கல்யாணம். பதினைந்து வயசு. "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதுதான் வினை," என்று அவன் சொன்னது தோட்டம் முழுக்கத் தெரியும்.

வகுப்பின் பின்சுவரில் செல்லாயி மலேசியப் படம் ஒன்றை மாட்டியிருந்தாள். கடிதம் வந்த உறையை ஒட்டி, எழுதிய ஊருக்கு ஒரு நூல் இழுத்துக் குண்டூசி குத்த வேண்டும். அப்படியே பூகோளமும் படித்த மாதிரி ஆச்சு என்று அவளுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. கடிதத்தை மட்டும் அவள் படிப்பதில்லை. "அடுத்தவங்க கடுதாசியப் பிரிக்கிறது அசிங்கம். நானே கேட்டாலும் குடுக்கக் கூடாது," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை முதல் பாடம். தபால் முத்திரையைப் பற்றிப் பாடம் எடுக்கலாமே என்று உறைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எந்த ஊரில் கடிதம் போட்டார்களோ அந்த ஊர்ப் பெயர் வட்டமாக விழுந்திருக்கும் என்று விளக்கிக்கொண்டே வந்தவள் ஓர் உறையில் நின்றுவிட்டாள். தவமலருக்கு வந்தது. அனுப்பியவர் மலர்விழி, சிலிபின், ஈப்போ. முத்திரையில் சுங்காய் என்று இருந்தது.

சரி, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் போட்டிருக்கும் என்று நினைத்தாள். அடுத்து மாரியம்மாவுக்கு வந்தது. அனுப்பியவர் காந்திமதி, தாப்பா. முத்திரை சுங்காய். இன்னொரு பெண்ணுக்கு வந்தது, அனுப்பியவர் ரேவதி, சிலிம் ரிவர். அதுவும் சுங்காய், அதே தேதி. மூன்று உறையிலும் தபால்தலை ஒரே மாதிரி, இம்மி பிசகாமல் மூலையோடு மூலை ஒட்டியிருந்தது. மூன்றும் பெண்பிள்ளைகளுக்கு வந்தவை.

செல்லாயி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதுகிறது மூன்று பிள்ளைகள் இல்லை, ஒரே ஆள். அந்த ஆள் ஈப்போவிலும் இல்லை, தாப்பாவிலும் இல்லை. நாலு கட்டை தூரத்தில், தான் தினமும் பஸ் ஏறி இறங்குகிற ஊரில் உட்கார்ந்திருக்கிறான். படம் அவன் கையில், லயத்து எண்ணும் வீட்டு எண்ணும் அவன் கையில். கொடுத்தது யார்?

சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூன்று பேரையும் கடிதங்களைக் காட்டச் சொன்னாள். மாரியம்மாவும் மற்றவளும் மறுபேச்சில்லாமல் நீட்டினார்கள். ஆளுக்கொன்று, பதில்கூடப் போடவில்லை. தவமலர் இரண்டு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். சுவரில் மலர்விழியின் உறை ஐந்து இருந்தது.

"மத்தது எங்கம்மா?"

"வீட்டுல இருக்கு டீச்சர்."

பொய் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஓய்வுமணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். செல்லாயி காலி வகுப்பில் அந்தப் பிள்ளையின் பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டால் தான் சொல்லிக் கொடுத்ததைத் தானே மிதித்தது ஆகும். தொடாமல் விட்டால்? மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. பையைத் திறந்தாள்.

குண்டு குண்டான, அழகான எழுத்து. 'உன் அம்மா அப்பா எத்தனை மணிக்கு வெட்டுக்குப் போவார்கள்? நீ தனியாகவா இருப்பாய், பாவம்.' 'இன்னும் ஒரு படம் அனுப்பு, பெரிய படமாக.' கடைசிக் கடிதம் முந்தின நாள் வந்தது. 'இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு சுங்காய் பஸ் நிறுத்தத்துக்கு வா. என் அண்ணன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். நம் வீட்டுக்கு வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம். யாரிடமும் சொல்லாதே. சொன்னால் உன் அக்காவுக்கு நடந்ததுதான் உனக்கும் நடக்கும்.'

சனிக்கிழமை என்றால் நாளைக்கு! செல்லாயி தலையைத் தூக்கினால் வாசலில் தவமலர் நிற்கிறாள்.

"நீங்கதானே டீச்சர் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க," என்றாள் அந்தப் பிள்ளை. சத்தமே இல்லை. அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"தப்புதான்மா. ஆனா இத எழுதினது பிள்ளை இல்ல. முத்திரையப் பாரு, சுங்காயில போட்டிருக்கு. எவனோ பெரிய ஆம்பள உன்ன ஏமாத்துறான்."

"மலர்விழி அப்பா லோரி டிரைவர். சுங்காய் வரும்போது போடுவாராம். அதுவே எழுதியிருக்கு."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறான் படுபாவி! செல்லாயி எவ்வளவோ சொன்னாள். கடைசியில் தவமலர், "போகல டீச்சர்," என்றாள், கையில் அடித்துச் சத்தியமும் செய்தாள். அர்ச்சுனனிடம் போய்ச் சொன்னால் அன்றோடு படிப்பு முடிந்தது. அதனால் செல்லாயி அந்தச் சத்தியத்தை நம்பினாள், அல்லது நம்பின மாதிரி இருந்துகொண்டாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே ஜைனுலாப்தீன் அண்ணன் கடையில், ரோட்டைப் பார்த்த மேசையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் வைத்த தேத்தண்ணி ஆறி ஏடு கட்டிவிட்டது. அண்ணனிடம் மட்டும் விஷயத்தைக் காதோடு காதாகச் சொல்லி, நீலச் சட்டை போட்ட ஆம்பளையைப் பார்த்தால் சொல்லச் சொன்னாள்.

"நீலச் சட்ட போட்டவன் இந்த அஞ்சடிக் கடவரிசையில எட்டுப் பேரு இருப்பான்லா டீச்சர். நானே நீலந்தான்," என்றார் அண்ணன். சொன்னாரே தவிர, ரொட்டி தட்டுகிற கை நின்று நின்றுதான் போனது.

பத்து மணியை ஒட்டித் தோட்டத்து லாரி வந்து நின்றது. சாமான் வாங்க வந்த பெண்களுக்கு நடுவே தவமலர் இறங்கினாள். அவர்கள் சந்தைப் பக்கம் திரும்பிப் போக, அவள் மட்டும் நிறுத்தத்தில் நின்றாள். தீபாவளிப் பாவாடை சட்டை. கையில் ரப்பர் விதைகளைக் கோத்துச் செய்த மாலை ஒன்று, தோழிக்குப் பரிசு. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாளாம் தெரியுமா? செல்லாயி டீச்சர் வீட்டில் டியூஷன் என்று!

எழுந்து ஓடி அந்தப் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அவன் யாரென்று பார்க்காமல் விட்டால் அவன் அடுத்த வாரம் வேறு பெயரில் எழுதுவான். செல்லாயி அரை நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை நடுரோட்டில் நிறுத்திவிட்டு அரை நிமிடம். அதற்காகத் தன்னை அவள் ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை.

ஈப்போ பஸ் வந்து நின்றது. செல்லாயியின் கண் ரோட்டையே துழாவிக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னாலிருந்து, அதே கடைக்குள்ளிருந்து ஒருத்தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தான். ஒரு மணி நேரமாக இரண்டு மேசை பின்னால் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவன். நாற்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, நீலச் சட்டை, கையில் ஒரு டின் பிஸ்கட். கோயிலில் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிற முகம். நேராக ரோட்டைக் கடந்து போய்ச் சிரித்தான், டின்னைக் காட்டினான், பிள்ளையின் கையைப் பிடித்தான். ஒரு கால் பஸ் படியில்.

"விடுடா கைய!"

அந்தக் குரல் தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று செல்லாயிக்கே தெரியவில்லை. செருப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக ஓடினாள். அவன் பதறவே இல்லை. "என்னாங்க டீச்சர், நான் மலர்விழியோட மாமா. பிள்ளைங்க ஆசப்பட்டுச்சு," என்றான் சாந்தமாக. தன்னை டீச்சர் என்று தெரிந்து வைத்திருக்கிறான்!

"மாமாவா? அண்ணன்னுதானே எழுதியிருந்த?"

அப்போதுதான் அவன் முகம் மாறியது. பிள்ளையின் கையை இன்னும் விடவில்லை. செல்லாயி மறுகையைப் பற்றி இழுத்தாள். மாலை அறுந்து விதைகள் தார் ரோட்டில் சிதறின. ஜைனுலாப்தீன் அண்ணன் ரொட்டிக் கரண்டியோடு, "டேய்!" என்று ஓடிவந்தார். டின் கீழே விழுந்தது. அவன் பிடியை உதறிவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸில் தாவி ஏறிவிட்டான். போலீசுக்கு டெலிபோன் போட்டு, பஸ்ஸைப் பீடோரில் நிறுத்திப் பார்த்தார்கள். அதற்குள் எங்கேயோ இறங்கிப் போயிருந்தான். அன்று போனவன் போனவன்தான்.

கடையின் பின்பக்கம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தபோது தவமலர் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். "அப்பாகிட்ட என் பேரச் சொல்லிராதீங்க டீச்சர். என்னைய ஸ்கூலுக்கு விட மாட்டாங்க."

"சொல்ல மாட்டேன்," என்றாள் செல்லாயி.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் சதாசிவம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "கூப்பன் அனுப்பினது நம்ம ஸ்கூலு. வெளிய போச்சுன்னா அடுத்த வருசம் ஒரு பொம்பளப்பிள்ள வராது டீச்சர். ஓடிட்டான்ல, விடுங்க," என்றார். அவள் கேட்டாள், "ஓடினவன்கிட்ட பத்தொம்போது வீட்டு நம்பரும் இருக்கு சார். வீட்டுல ஆள் இல்லாத நேரமும் இருக்கு. அத எப்படி சார் விடுறது?" அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

அதனால் திங்கட்கிழமை இருட்டு விலகாத நேரத்தில் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றாள். கிராணியிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினாள். வாளியும் கத்தியுமாக நூறு பேர் அவளையே பார்த்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. பேனா நண்பர் என்று ஒரு கெட்ட ஆள் பிள்ளைகளுக்குப் பொய்ப் பெயரில் எழுதுகிறான், சனிக்கிழமை ஒரு பிள்ளையைக் கூட்டிப் போகப் பார்த்தான், போலீசில் சொல்லியாகிவிட்டது, இனிமேல் தெரியாத ஆள் கடிதம் வந்தால் என்னிடம் காட்டச் சொல்லுங்கள் என்றாள்.

"பிள்ளைங்க மேல தப்பில்ல. கூப்பன வெட்டினது நான். முழு அட்ரஸ் எழுதச் சொன்னது நான். கோபப்படணும்னா என் மேல படுங்க," என்று முடித்தாள். எந்தப் பிள்ளை என்று நாலு பேர் கேட்டார்கள். சொல்லவில்லை.

சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஐயோ, லயத்தில் பிறந்தவள் அதை எப்படி மறந்தாள்! ஐந்து வாரமாக இதே களத்தில், இதே நூறு பேர் காதில் விழ, கிராணி பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார். யார் பிள்ளைக்கு ஒன்று வந்தது, யார் பிள்ளைக்கு ஐந்து வந்தது என்று தோட்டத்துக்கே மனப்பாடம். அவள் பேசி முடித்த மறுகணம், ஒருத்தர் விடாமல் திரும்பி அர்ச்சுனனைப் பார்த்தார்கள்.  கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாயிற்று.

அர்ச்சுனன் வாளியைத் தூக்கிக்கொண்டு தன் மர நிரைக்குப் போய்விட்டான். கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அன்று பள்ளியில் தவமலர் வந்து உட்கார்ந்திருந்தாள், இன்னும் செய்தி தெரியாமல். செல்லாயி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பெரட்டில் நடந்ததைச் சொன்னாள். பிள்ளை வெளிறிப்போனாள். பள்ளி விடும் நேரத்தில் அர்ச்சுனன் வந்தான். குளிக்கவில்லை, பால் வாடையோடு, இடுப்பில் வெட்டுக் கத்தியோடு வாசலில் நின்றான். மற்றப் பிள்ளைகள் சுவரோரமாக நழுவினார்கள். சதாசிவம் சார் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

"பேரச் சொல்லல நீங்க. ஆனா எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க," என்றான். "நீங்க எங்க சாதிசனம் மாதிரிதான். லயத்துப் பிள்ளைதானே? அதான் கேக்கறேன். எழுதக் கத்துக் குடுத்தீங்க. யாருக்கு எழுதக் கூடாதுன்னு ஏன் கத்துக் குடுக்கல?"

"எனக்கே தெரியலண்ணே," என்றாள் செல்லாயி. வேறு எதைச் சொன்னாலும் பொய்.

அவன் கையை நீட்டினான். "அந்தக் கடுதாசிய எடுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்க. என்னா எழுதியிருக்கான்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்."

வெள்ளிக்கிழமை வாங்கி வைத்த கடிதங்கள் அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. எடுத்தாள். பிரிக்கப் போனவள் நின்று, மூலையில் ஒடுங்கி நின்ற தவமலரைப் பார்த்தாள். "இது அவ கடுதாசிண்ணே. ஒருவாட்டி கேக்காமப் படிச்சிட்டேன். இந்தவாட்டி கேட்டுட்டுத்தான் படிப்பேன்," என்றாள். அர்ச்சுனன் நீட்டிய கையை இறக்கினான். தன் முன்னால் தன் மகளிடம் அனுமதி கேட்கிற ஆளை அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"படிக்கட்டுமாம்மா?"

தவமலர் சரியென்று தலையை ஆட்டினாள்.

செல்லாயி படித்தாள். அந்த ஆள் எழுதியது எல்லாமே இந்தப் பிள்ளை எழுதியதற்குப் பதில். அதனால் பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்பதும் கூடவே வந்தது. 'உன் அப்பா சம்சு குடித்துவிட்டு வரும் நாளில் நீ கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போய்ப் படிப்பாய் என்று எழுதியிருந்தாய், எனக்கு அழுகை வந்தது.' 'உன் அக்கா கல்யாணத்தன்று அழுதபோது நீயும் அழுதாயா?' 'நர்ஸ் ஆக வேண்டும் என்று இதுவரை என்னிடம் மட்டும்தான் சொன்னாயா? என் கண்ணே, நீ கட்டாயம் ஆவாய்.' 'காய்ச்சல் விட்டதா? மருந்து யார் கொடுத்தார்கள்?'  இவ்வளவு பரிவாக எழுதுகிற கையா பிள்ளையின் மணிக்கட்டை அப்படி விடாமல் பிடித்தது!

அர்ச்சுனன் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டு கேட்டான். ஐந்தாவது கடிதம் முடிந்தபோது அவன் முகத்தில் காலையில் இருந்த கோபம் இல்லை. அதைவிடப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மகளைப் பார்த்து, "நர்சு வேலைன்னும் கோழிக்கூண்டுன்னும்... இதெல்லாம் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றான்.

"நீங்க கேக்கலியேப்பா," என்றாள் தவமலர். "மலர்விழிதான் கேட்டுச்சு."

 அர்ச்சுனன் இடுப்புக் கத்தியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுத்தான் மகளுக்குப் பக்கத்தில் போனான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் கையை வைத்தான், பால் பிசுக்குக் கை. செல்லாயியின் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"சனவரியில அந்த ஸ்கூலு பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"ஆறே காலுக்குண்ணே. பெரிய ரோட்டுக்கு வரணும்."

"பெரட்டு முடிஞ்சு ஓடியாந்தா புடிச்சிறலாம். நானே கொண்டாந்து ஏத்திவிடுறேன். கிராணிகிட்ட சொல்லிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "கடுதாசி மட்டும் வேணாம்மா," என்றான். அது உத்தரவு மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

 நல்லவேளை, பிள்ளை பிழைத்தாள், படிப்பும் பிழைத்தது. அந்த நிம்மதியில் செல்லாயி தவமலரைப் பார்த்துச் சிரிக்கக்கூடப் போனாள். தவமலர் அழுதுகொண்டிருந்தாள். சனிக்கிழமை அந்த நீலச் சட்டைக்காரன் கையைப் பிடித்து இழுத்தபோது அழாத பிள்ளை, அப்பா கத்தியோடு வந்து நின்றபோதும் அழாத பிள்ளை, இப்போது தேம்பித் தேம்பி அழுதாள். மேசையில் கிடந்த ஐந்து கடிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மலர்விழின்னு யாருமே இல்லியா டீச்சர்?"

"இல்லம்மா," என்றாள் செல்லாயி.